ஜோடிச் சுழி

என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. கடையில் உப்பு வாங்கினால்கூட வீட்டுக்கு வந்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஜாடியில் கொட்டுவேனாம். சுத்தப் பொய். நான் கடையிலேயே நாக்கில் வைத்துப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்து பார்ப்பது இரண்டாவது தடவை. வழியில் யாராவது மாற்றியிருந்தால்?

இப்படிப்பட்ட ஆசாமி குதிரை வைத்துப் பிழைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போதே வெட்கம் பிடுங்கித் தின்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். என் மச்சான் பெயரில் கொஞ்ச காலம் ஒரு அழுக்கு ஒட்டிக் கிடந்தது. அதைப் பூசியது நான்.

வெள்ளைக்காரன் யுத்தத்தில் மும்முரமாக இருந்த சமயம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் படுத்துவிட, ஜட்காவுக்கு நல்ல கிராக்கி. நான் பூந்தமல்லியில் ஜட்கா ஓட்டினேன். ஆவடி ஸ்டேஷன், குமணன்சாவடி, வானகரம் என்று வண்டி ஓயாமல் ஓடியது. வீட்டில் நான், என் பெண்டாட்டி, இரண்டு வயது மகன், அப்புறம் மச்சான். மச்சான் என்றால் பெண்டாட்டியின் அண்ணன். அவள் எனக்குச் சொந்த மாமன் மகள், ஆகையால் அவனும் என்னோடு மண்ணில் புரண்டு வளர்ந்தவன்தான். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடு இருந்தான். வண்டியை நான் ஓட்டுவேன். குதிரையை அவன் பார்த்துக்கொள்வான். அது சாணி போடும் நேரம்கூட அவனுக்கு மனப்பாடம்.

குதிரை ஒரு செவலைப் பெட்டை. நான் அதை வாங்கியதற்கு ஒரே காரணம் அதன் நெஞ்சு. மற்ற ஊரில் குதிரை வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பான், காலைப் பார்ப்பான். எங்கள் ஜட்கா ஸ்டாண்டில் முதலில் சுழியைப் பார்ப்பார்கள். மயிர் வட்டமாகத் திரும்பி நிற்கிற இடம்தான் சுழி. இன்ன இடத்தில் இருந்தால் யோகம், இன்ன இடத்தில் இருந்தால் எஜமானைத் தூக்கிக்கொண்டு போகும் என்று ஒரு பெரிய சாஸ்திரமே உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஜோடிச் சுழி. நெஞ்சின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில், இரண்டு கண் விழித்துப் பார்ப்பதுபோல. அந்தச் சுழி உள்ள குதிரை வண்டியில் பூட்டினால் அந்த வீட்டில் அடுப்பு அணையாது என்பது ஸ்டாண்டின் நம்பிக்கை. உப்பை நம்பாத நான் இதை நம்பினேன்.

அந்தச் சுழி எங்கள் பக்கம் வந்தது ஒரு வெள்ளைக் குதிரையால். பட்டாளத்து துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன அரபிக் குதிரை. பட்டாளத்துக்குப் புல் போடுகிற குத்தகைக்காரர் அதை வைத்திருந்தார். பெட்டைக் குதிரை வைத்திருக்கிறவர்கள் எல்லாம் அங்கே ஓட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் செவலைக்கு வேளை வந்தபோது நானும் ஓட்டிக்கொண்டு போனேன். தாய்க்கும் ஜோடிச் சுழி, தகப்பனுக்கும் ஜோடிச் சுழி என்றால் குட்டிக்குத் தப்புமா?

தப்பவில்லை. குட்டி பிறந்த அன்று நான் ஆவடிக்குச் சவாரி போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் லாயத்தில் மச்சான் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் ஈரம் காயாத ஆண் குட்டி நாலு காலில் நின்று பால் குடிக்கிறது. நான் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து நெஞ்சைப் பார்த்தேன். இரண்டு சுழியும் அச்சில் வார்த்ததுபோல இருந்தன. மச்சானைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அவன் சிரிக்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் குட்டி துள்ளித் திரிந்தது. மூன்றாம் மாதம் ஒரு நாள் காலையில் தண்ணீர்த் தொட்டிக்கு வந்தது. சும்மா நிற்கும்வரை ஒன்றுமில்லை. வாயைத் தண்ணீருக்குக் கொண்டுபோகப் போக, தலை ஆட ஆரம்பித்தது. யாரோ எதையோ கேட்க, "ஆமாம், ஆமாம்" என்று பதில் சொல்வதுபோல மேலும் கீழும். தண்ணீர் எட்டுவதற்குள் மூக்கு தொட்டி விளிம்பில் இடித்தது. நான் சிரித்தேன். விளையாடுகிறது என்று நினைத்துவிட்டேன்.

அப்புறம் நடை மாறியது. நாலு காலையும் அகட்டி வைத்து நின்றது. நடந்தால் முன்னங்காலைப் பட்டாளத்துச் சிப்பாய் மாதிரி உயரத் தூக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் தொப்பென்று போட்டது. யாராவது கை தட்டினால் திடுக்கிட்டு அப்படியே பின்பக்கம் விழும். கண்ணுக்கு நேரே விரலை நீட்டினால் இமைக்காது. சரி, குருடு என்று பார்த்தால், தாய் நாலு வீடு தள்ளிப் போனாலும் கண்டுபிடித்து விழுந்து எழுந்து பின்னாலேயே போகும். இது என்ன கூத்து?

நல்லா இருந்த குட்டி தானாக இப்படி ஆகுமா? எனக்கு அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் தெரியும். யாரோ ஏதோ செய்துவிட்டார்கள்.

முதலில் பக்கத்து வீட்டுக்காரன். சாக்கடைத் தண்ணீர் விஷயமாக அவனுக்கும் எனக்கும் ஆகாது. தவிட்டில் எதையாவது கலந்திருப்பானோ என்று அந்தத் தவிட்டை எங்கள் கோழிக்குப் போட்டுப் பார்த்தேன். மறுநாள் அது முட்டை இட்டது. பிறகு லாடம் அடிக்கிற பாய். அவர் போகாத குதிரை வீடு கிடையாது. ஆனால் குட்டிக்கு லாடம் ஏது? அவரை எதில் மாட்டுவது என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் ஒரு நாள் குட்டியின் பிடரி மயிரை விலக்கிப் பார்க்கும்போது, இரண்டு காதுக்கும் நடுவே உச்சி மண்டையில் காய்ந்த காயம் ஒன்று கையில் தட்டியது. அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மண்டையில் அடி. அடித்தது யார்? நாள் முழுக்க லாயத்தில் இருக்கிறவன் யார்?

அதற்கப்புறம் மச்சானைக் கவனித்தேன். ஐயோ, கவனிக்க ஆரம்பித்தால் எத்தனை அகப்படுகிறது! குட்டியின் பேச்சை எடுத்தால் அவன் வேறு பக்கம் திரும்பினான். குட்டி விழுந்தால் ஓடிப் போய்த் தூக்குவான், ஆனால் என்னைப் பார்க்கமாட்டான். முன்னெல்லாம் இரண்டு சட்டிச் சோறு சாப்பிடுகிறவன் பாதியில் கை கழுவினான். குற்றம் செய்தவனுக்கு வேறு என்ன அடையாளம் வேண்டும்?

ஒரு நாள் உச்சி வெயிலில் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு நேரே லாயத்துக்குப் போனேன். அவன் புல்லை உதறிக்கொண்டிருந்தான்.

"எதால அடிச்ச?" என்றேன்.

"இன்னா மாப்ளே?"

"குட்டிய எதால அடிச்சன்னு கேக்கறேன். கட்டையாலயா, கல்லாலயா? மண்டைல காயம் கீது. எனுக்கு கண்ணு அவிஞ்சி போச்சின்னு நெனச்சிகினியா?"

அவன் வாயைத் திறந்தான், மூடினான். குட்டியைப் பார்த்தான். பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். அந்த ஒரு பார்வை போதாதா எனக்கு?

"சொல்லேன்டா. வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"நான் இன்னாத்த சொல்றது மாப்ளே."

"அப்போ நீதான்."

அவன் கையிலிருந்த புல்லைக் கீழே போட்டான். தொட்டியில் கையைக் கழுவினான். துண்டை உதறித் தோளில் போட்டான். என் பெண்டாட்டி அகப்பையும் கையுமாக ஓடி வந்தாள். "அண்ணா, எங்க போற?" என்றாள். "ஆவடில பட்டாளத்து கொட்டா போடறாங்களாம். வேல கீதாம். போயி பாத்துட்டு வரேன்," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினான். செவலை அவனைப் பார்த்துக் கனைத்தது. அவன் திரும்பவில்லை.

பெண்டாட்டி என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, எங்கண்ணன நீ கேட்டியா, இல்ல நீயே முடிவு கட்டிட்டு வந்தியா?"

"கேட்டேனே."

"எதால அடிச்சன்னு கேட்டா அதுக்குப் பேரு கேக்கறதா?"

அதுதான் அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. அப்புறம் எல்லாம் குதிரையோடுதான். "ஏ செவல, சோறு ஆறிப்போவுதுன்னு உன் எஜமான் கிட்ட சொல்லு." "ஏ செவல, புள்ளைக்கு ஒடம்பு சுடுது, வைத்தியர இட்டாரச் சொல்லு." குதிரையும் காதை ஆட்டும். ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. மாதக்கணக்கில் போனபோது சிரிப்பு வரவில்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அந்த ஒரு அண்ணன் மட்டும்தான். அவன் திரும்பி வராவிட்டால் இவளும் எனக்குத் திரும்ப மாட்டாள் என்று தெரிந்தது. ஆனாலும் என் சந்தேகத்தை விட மனமில்லை. அவள் தொட்டி விளிம்பில் கோணியைச் சுற்றிக் கட்டினாள், குட்டிக்கு அடி படாமல் இருக்க. நான் அதையும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். அண்ணன் செய்த பாவத்துக்குத் தங்கை பரிகாரம் செய்கிறாளோ என்று.

பிறகு ஒரு நாள் வானகரத்துக்கு ஒரு சவாரி. ஆளை இறக்கிவிட்டு, குதிரைக்குத் தண்ணீர் காட்டலாம் என்று ஒரு வீட்டருகே நிறுத்தினேன். ஒரே வீடு, நடுவில் புதிதாகக் கட்டிய முள்வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு குட்டி நாலு காலையும் அகட்டி நின்று, தரையில் கிடந்த வைக்கோலைப் பார்த்து "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தது.

நான் கிட்டே போய்க் குனிந்தேன். உள்ளேயிருந்து ஒருவன் பாய்ந்து வந்து குட்டிக்கு முன்னால் கோணிப் படுதாவை இழுத்துவிட்டான். என் வயதுதான் இருக்கும்.

"இன்னா பாக்கற?"

"ஒண்ணியும் இல்ல, குதிரைக்குத் தண்ணி..."

"கெணறு அப்பால கீது."

"குட்டிக்கு இன்னா?"

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினான். "எங்கண்ணன் மருந்து வெச்சிட்டான். பாகம் பிரிக்கச் சொல்ல குதிர எனுக்கு வந்துச்சின்னு வயித்தெரிச்சல்."

"நீ பாத்தியா?"

"பாக்கணுமா? எனுக்குத் தெரியாதா அவன?"

வேலியோரம் புல் ஒரு குவியலாகக் காய்ந்து கிடந்தது. பசும்புல்லாக வெட்டியது, அப்படியே தீண்டாமல் காய்ந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அவன்தான் தெனம் வேலி மேல தூக்கிப் போடறான். நல்லவன் வேஷம். தொட வுடுவனா நானு?" என்றான்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும் வழி முழுக்க எனக்கு மண்டைக் குடைச்சல். என் குட்டிக்கு அடி. அவன் குட்டிக்கு விஷம். கட்டையால் அடித்தாலும் அதே ஆட்டம், விஷம் வைத்தாலும் அதே ஆட்டமா? சந்தேகப் பிராணிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கதை எங்கேயாவது இடித்தால் அவனால் சும்மா இருக்க முடியாது. அந்தக் குட்டியின் நெஞ்சை நான் படுதா விழுவதற்குள் பார்த்திருந்தேன். ஜோடிச் சுழி.

நேரே லாடக்காரர் பட்டறைக்குப் போனேன். பாய் இரும்பைப் பழுக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், வானகரத்துல ஒரு குட்டி கீதே, பாத்தியா?"

அவர் சுத்தியலை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். பதில் சொல்ல விருப்பமில்லாதபோது அவர் அப்படித்தான் செய்வார். நான் அடங்குகிற ஆளா? பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இரும்பு ஆறிப்போய், தட்டி ஒன்றும் ஆகாது என்ற நிலை வந்ததும் நிறுத்தினார்.

"இந்த மாதிரி எத்தினி குட்டி பாய்?"

"உன்னோடத சேத்து நாலு, தம்பி. ஒண்ணு இங்க பூந்தமல்லிலயே கீது. ஒண்ணு குமணன்சாவடில."

"அட பாவி மனுஷா! ஏன் என்கிட்ட சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? இங்க கீறவன், குதிரைக்காரன் கீழ தள்ளிட்டான்னு அவன தொரத்திட்டான். குமணன்சாவடில மருமவ எதையோ துன்னக் குடுத்துட்டாள்னு மாமியார் ஏசிகினு கீது. வானகரத்துல அண்ணன். ஒவ்வொரு ஊட்லயும் என் கையப் புடிச்சிகினு, வெளிய சொல்லாத பாய், ஊட்டு மானம் போவும்னாங்க. நீயும் அதானே சொன்ன?"

சொன்னேன், செவலைக்கு லாடம் அடிக்க அவர் வந்த அன்று. அதே வார்த்தை. நாலு வீட்டில் நாலு குற்றவாளி. நாலு பேரும் வாயை மூடிக்கொண்டதால் நாலு குட்டி இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. எல்லா வாசலும் ஏறி இறங்குகிற ஒரே மனிதர் இவர். ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டில் சொன்னால் எவன் இவரை வாசலில் சேர்ப்பான்?

"நாலுக்கும் தகப்பன் அந்த வெள்ளைதானா?"

"ஆமா. ஆனா அது மேலயும் பழி போட முடியாது தம்பி. சுழி இல்லாத பொட்டைங்களுக்கு அதால பொறந்த குட்டிங்க எல்லாம் கல்லு மாதிரி கீது. இந்த நாலுக்குத்தான் தாய்க்கும் ஜோடிச் சுழி."

அப்போதும் எனக்குப் புரியவில்லை. பட்டாளத்துக் கோவேறு கழுதைகளைப் பார்க்க வாரம் ஒரு முறை பட்டணத்திலிருந்து ஒரு மாட்டு டாக்டர் வருவார். அவரிடம் குட்டியைக் கட்டை வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டு போனேன். தாயும் பின்னாலேயே வந்தது. அவர் அதை நடக்க வைத்தார், கை தட்டினார், கண் முன்னால் விரலை ஆட்டினார், மண்டைக் காயத்தை அழுத்திப் பார்த்தார்.

"இதை யாரும் அடிக்கலைப்பா. காயத்தால இது விழலை. விழுந்ததாலதான் காயம்."

"விஷம்?"

"அதுவும் இல்லை. தலைக்குப் பின்பக்கம் சின்ன மூளைன்னு ஒண்ணு இருக்கு. காலை எங்கே வைக்கணும், தலையை எவ்வளவு நீட்டணும்னு சொல்றது அதுதான். அது தேய்ஞ்சு போச்சு. குதிரைக்கு இப்படி நான் புஸ்தகத்திலே படிச்சதில்லை. ஆட்டுக்குட்டியில பார்த்திருக்கேன். பிறவியிலே வர்றது, ஆனா கொஞ்ச மாசம் கழிச்சுத்தான் வெளியே தெரியும்." பிறகு பேனாவை எடுத்தார். "தாய் இதுதானே? தகப்பன் எது?"

"புல்லு குத்தகைக்காரரோட வெள்ளைக் குதிரைங்க."

"தாய்க்குத் தகப்பன்?"

சட்டென்று பதில் சொல்லப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். தாய்க்குத் தகப்பனும் அதே வெள்ளைதான். எங்கள் பக்கத்தில் ஜோடிச் சுழி உள்ள குதிரை எல்லாமே அதன் வம்சம். அந்தச் சுழி அது போட்ட கையெழுத்து. கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து, நாங்களே அதன் பெண்களைப் பொறுக்கி எடுத்து அதனிடமே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறோம்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சில குறை ரத்தத்தில் ஒளிந்தே இருக்குமாம். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் வெளியே தெரியாது, குதிரை நன்றாக ஓடும். தாய், தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தால் குட்டியில் வெளிப்படுமாம். அந்த வெள்ளையிடம் அது ஒளிந்திருந்தது. செவலைக்குக் கொடுத்தது. குட்டிக்கு இரண்டு பக்கமும் வந்து சேர்ந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. செவலையை ஓட்டிக்கொண்டு போகக் கிளம்பியபோது மச்சான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மாப்ளே, அந்தக் கெழவன் இதுக்கு அப்பன். அப்பன்கிட்டயே பொண்ண இஸ்துகினு போறதா? காட்டுப்பாக்கத்துல ஒரு பழுப்பு கீது, நல்ல குதிர," என்றான். நான், "அதுக்குச் சுழி கீதா? குதிரைக்கு இன்னாடா மொற?" என்று கயிற்றைப் பிடுங்கிக்கொண்டேன். நாலு வீட்டுக் குற்றவாளிகளில் எங்கள் வீட்டுக் குற்றவாளி யார் என்று தெரிந்துபோயிற்று. ஊரையே சந்தேகப்பட்டவன் அந்த ஒருவனை மட்டும் விட்டுவிட்டேன்.

சொல்லவும் வெட்கம், அன்று வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், மகனைத் தரையில் இறக்கி நேராக நடக்கச் சொல்லிப் பார்த்ததுதான். மாமன் மகளைக் கட்டியவன் அல்லவா? அவன் நடந்தான், ஓடினான், கோழியைத் துரத்தினான். பெண்டாட்டி பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏ செவல, உன் எஜமானுக்குப் புத்தி கெட்டுப்போச்சா கேளு," என்றாள். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனுடைய வேட்டி ஒன்றைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். அதை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

ஆவடியில் மரங்களை வெட்டிச் சாய்த்து, கண்ணுக்கு எட்டியவரை கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார்கள். லாரியும் புழுதியும். மேஸ்திரி ஒருவரிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன். "அந்த ஆளா? குதிர வேல தெரியும்னு லாயத்துக்கு அனுப்பிச்சோம். கழுதைய தொடக்கூட மாட்டேன்னுட்டான். கல்லு ஒடைக்கறான்," என்று சொல்லிக் கையைக் காட்டினார்.

மச்சான் பாதியாக இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். முதல் கேள்வி, "குட்டி எப்பிடி கீது மாப்ளே?"

நான் மூச்சு விடாமல் சொன்னேன். நாலு குட்டி, ஒரே தகப்பன், ஒளிந்திருக்கும் ரத்தம், டாக்டர் கேட்ட கேள்வி. "நீ அன்னிக்கே சொன்ன, நாந்தான் கேக்கல. பண்ணது நாந்தான் மச்சான்," என்றேன். அவன் கல் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ நான் இஸ்தத்தால இல்லியா?"

"எத இஸ்த?"

"அது பொறக்கச் சொல்ல நீ ஊட்ல இல்ல. பாதில மாட்டிக்கிச்சி. காலப் புடிச்சி ரெண்டு கையாலயும் இஸ்தேன். வழுக்கிகினு வந்து தொட்டிக் கல்லுல மண்ட இடிச்சிச்சி. மெய்யாலுமே நாந்தான் கெடுத்துட்டன்னு நெனச்சிகினு கீறேன். நீ எதால அடிச்சன்னு கேட்டியே, கையாலதான்னு வாய் வரிக்கும் வந்துச்சி மாப்ளே."

அவன் அழுதான். சுற்றிலும் கல் உடைக்கிறவர்கள் எங்களையே பார்த்தார்கள். நானும் அழுதேன். அவன் கையைப் பார்த்ததை நான் பார்த்தேன், சரியாகத்தான் பார்த்தேன், ஆனால் என்ன அர்த்தம் பண்ணிக்கொண்டேன்!

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மச்சான் சொன்னான். "நான் வரேன். ஆனா ஊட்டுக்கு அப்பறம் போலாம். மொதல்ல அந்த மூணு ஊட்டுக்கும் போயி சொல்லணும். அங்கயும் எவனாவது கையப் பாத்துகினு ஒக்காந்திருப்பான்."

எனக்குத் திக்கென்றது. ஜோடிச் சுழி ஆகாது என்று நானே தெருத் தெருவாகச் சொன்னால் என் செவலையின் பெயர் என்ன ஆகும்? புல் குத்தகைக்காரர் சும்மா இருப்பாரா? ஸ்டாண்டில் எவன் என்னோடு பேசுவான்? ஆனால் மச்சான் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கயிற்றைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். அப்புறம் நான் என்ன பேச?

பூந்தமல்லி வீட்டுக்காரர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். துரத்திய குதிரைக்காரனைத் தேட அப்போதே ஆள் அனுப்பினார். குமணன்சாவடியில் அந்த மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தது அந்த மருமகள்தான். கடைசியாக வானகரம்.

அந்தத் தம்பிக்காரன் படுதாவுக்கு முன்னால் நின்றே எல்லாவற்றையும் கேட்டான். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன், பாய் சொன்னதைச் சொன்னேன், என் முட்டாள்தனத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். "உங்கண்ணன் மருந்தும் வெக்கல, ஒண்ணும் வெக்கல," என்றேன். அவன் கண்ணைச் சுருக்கினான்.

"எங்கண்ணன் அனுப்பிச்சானா உன்ன?"

எனக்கு வந்ததே கோபம்! கை தானாக மேலே எழுந்தது. மச்சான் அதைப் பிடித்துக் கீழே இறக்கினான். "வுடு மாப்ளே. உன்கிட்ட வந்து எவனாவது சொல்லியிருந்தா நீ இன்னா கேட்டிருப்ப?"

அதையேதான் கேட்டிருப்பேன். சத்தியமாக அதையேதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பது அப்போதுதான் தெரிந்தது. அண்ணன்காரர். கையில் ஒரு கட்டுப் பசும்புல். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வழக்கம்போலப் புல்லைத் தூக்கி வேலிக்கு மேலே போட்டார், காய்ந்த குவியலின் மேல் வந்து விழுந்தது. தம்பிக்காரன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் போய் அந்தப் புல்லை எடுத்தேன். ஒரு பிடி உருவி என் வாயில் போட்டு மென்றேன். கசப்பு, மண், பச்சை வாடை. விழுங்கினேன். "நான் உப்பையே ரெண்டு தடவ நாக்குல வெச்சிப் பாக்கற ஆளு," என்றேன் அவனிடம். "துன்னுட்டேன். பாத்துக்கோ." படுதாவை விலக்கி மீதியைக் குட்டிக்கு முன்னால் போட்டேன்.

குட்டி தலையை ஆட்டி ஆட்டி, இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாம் தடவை ஒரு வாய் கவ்வியது. அவன் தடுக்கவில்லை. ஆனால் குட்டியைப் பார்க்கவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான், நான் எப்போது சுருண்டு விழுவேன் என்று. மச்சான் வண்டியை நிழலில் விட்டுவிட்டு வந்தான். நான் அந்தத் தம்பிக்காரன் கண்ணுக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்தேன். வெயில் தாழும்வரை எழுந்திருக்கவில்லை.